ஒற்றைக்காலில் பார்த்த பைனாகுலர்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை. நாளை நெடுந்தீவுப் படகிலிருந்து கடற்பறவை பார்க்க பைனாகுலர் வேண்டும் என்கிறேன். நடுத்தர விலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், மற்றது பன்னிரண்டு. என் கை பன்னிரண்டுக்கே போகிறது.

பக்கத்தில் நிற்கும் குருநகர் மீனவர் சிரிக்கிறார். "அக்கா, தரையிலை நிண்டு பாத்தா எல்லாம் வடிவுதான். ஒற்றைக்காலிலை நிண்டு பாருங்கோ. வள்ளமும் உப்பிடித்தான் ஆடும்."

"றோட்டிலையோ?"

"ஓம், நாங்கள் உப்பிடித்தான் வாங்கிறனாங்கள். சனம் உங்களைப் பாக்கட்டும், நீங்கள் காகத்தைப் பாருங்கோ."

கூச்சத்தோடு வாசலில் ஒரு காலைத் தூக்குகிறேன். பன்னிரண்டில், எதிர்க்கூரைக் காகம் துள்ளித் துள்ளி மறைகிறது. எட்டில் சிறிதாகத்தான் தெரிகிறது, ஆனால் அலகு அசையாமல் நிற்கிறது.

"எட்டையே தாருங்கோ," என்று உரத்துச் சொல்கிறேன், காலை இன்னும் இறக்காமலே.