வார்ப்பில் விழுந்த கோடு

கல்லூரி பஸ்ஸில் முஹ்ஸினாவுக்குப் பக்கத்தில் உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. தென்காசியில் ஏறுவாள். இலஞ்சி வருவதற்குள் முன்சீட்டுக் கம்பியில் வெல்டிங் வைத்த இடத்தை நகத்தால் சுரண்டி, "எவன்ட்டி இத வச்சான்? தூங்கிக்கிட்டே வச்சிருக்கான்" என்பாள். அடுத்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளுவாள். சாரல் முகத்தில் அடிக்க வேண்டும் அவளுக்கு. அவள் முக்காடும் நனையும், என் சேலையும் நனையும். கேட்டால், "நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிருவ?" என்று என்னையே ஏசுவாள்.

நான் அங்கே கணக்கு நடத்துகிறேன். அவள் மெக்கானிக்கல். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கல்லூரியோடு அந்த வேலை முடிந்துவிட்டால் தேவலை. கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டாள், டம்ளரைக் கவிழ்த்துத் தகட்டை எப்படி அழுத்தி எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். தம்மாமில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் ரபீக் ஒருநாள் போனில் சண்டைக்கே வந்துவிட்டார். "உலை உலைங்கியே, நான் சாப்பிட்டனான்னு ஒரு வார்த்தை கேக்கியா?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷத்துச் சாரல் சீசனுக்குப் பிறகு அவளுக்குக் கல்லூரிப் பட்டறை உலையைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அந்த விபத்து நடந்தது வார்ப்புப் பட்டறையில். மரத்தில் செய்த மாதிரியை ஈரமண்ணில் பதித்து எடுத்தால் உள்ளே பள்ளம் விழும், அதுதான் அச்சு. உருகிய அலுமினியத்தை அதில் ஊற்றி ஆறவிட்டால் பொருள் கிடைக்கும். மற்ற ஆசிரியர்கள் தாங்களே ஊற்றிக் காட்டுவார்கள். முஹ்ஸினா பிள்ளைகளுக்குக் கையுறையை மாட்டிவிட்டு நீளக் கரண்டியை அவர்கள் கையில் கொடுப்பாள். போன வருஷம் முதல் ஆளாகக் கை தூக்கியவள் இசக்கிச்செல்வி, இலஞ்சிக்காரப் பெண். பாதி ஊற்றியிருப்பாள், அச்சு சீறியது. ஊற்றிய உலோகம் மேலே தெறித்தது. ஒரு துளி கையுறைக்குள் இறங்கி, புளியங்கொட்டை அளவுக்கு மணிக்கட்டில் தழும்பாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். பொம்பளப் பிள்ளை, கை நடுங்கிட்டு. அந்தப் பெண்ணும் அழுதுகொண்டே, "ஆமா, நடுங்குச்சு" என்றாள். அதற்குப் பிறகு எந்த மெஷின் பக்கமும் அவள் வரவில்லை. எல்லோரும் லேத்தில் கடைசல் வேலை பார்க்கும்போது பின்னால் நிற்பாள். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறப்போகிறாள் என்றும் பேச்சு அடிபட்டது.

"கை நடுங்கினா வார்ப்புல கோடு விழும் ஜெயா, சீறாது!" என்று பஸ்ஸில் என் தொடையில் அடிப்பாள் முஹ்ஸினா. "மண்ணுல ஈரம் மிஞ்சினாத்தான் சீறும். ஆனா தண்ணிய நான்தானே அளந்து ஊத்துனேன்? அல்லாவே, எங்கனதான் கோளாறு?"

கூரை ஒழுகியதா, மழை பெய்ததா என்று பிரின்ஸ்பால் அப்போதே எல்லோரையும் கேட்டிருந்தார். மெட்ராஸ்காரர், விசாரணையென்றால் ஒழுங்காகச் செய்வார். இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முஹ்ஸினாவும் அதையேதான் சொன்னாள். வேறு காரணம் கிடைக்காததால் அந்தப் பெண்ணின் நடுக்கமே காரணமாக நின்றுபோனது.

அன்றைக்கு மூடிய பட்டறைக்கு இந்த ஆடியில் பிரின்ஸ்பால் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தன் முன்னால் ஒரு தடவை முஹ்ஸினாவே ஊற்றிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் பட்டறை இருக்கும், இல்லாவிட்டால் பைக் நிறுத்த இடமாகிவிடும், பிள்ளைகள் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். முந்தின நாள் சாயங்காலமே அச்சைத் தயார்செய்து வைத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போயும் நிம்மதியில்லை. எனக்குப் போன் போட்டு, "மனசு கெடந்து அடிக்கி, நீயும் வந்து நில்லு" என்றாள்.

போய் நின்றேன். பட்டறை உதவியாளர் முத்துச்செல்வம் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். முஹ்ஸினா கட்டாயப்படுத்தி வரவழைத்திருந்த இசக்கிச்செல்வி வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. முஹ்ஸினாவோ உலைக்கும் அச்சுக்கும் நடையாய் நடந்தாள். எனக்கே தலை சுற்றியது.

பிரின்ஸ்பால் மேற்கு ஜன்னல் திண்டில் கையை ஊன்றியவர் சட்டென்று எடுத்து ஈரத்தை உதறினார். "ராத்திரி மழையா?"

"இல்ல சார், சாரல்தான்" என்றார் முத்துச்செல்வம்.

என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் சாரலை யார் மழைக் கணக்கில் சேர்த்தார்கள்? மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், சாரல் வந்தால் திறந்து வைப்போம்.

முஹ்ஸினா நடையை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள், அதன் கீழே இருந்த அச்சைப் பார்த்தாள். மேலாக ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தி விரித்தாள். புட்டு மாவாக உதிர வேண்டிய மண் சப்பாத்தி மாவாக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிஷம் அச்சுப் பெட்டியை அப்படியே புரட்டிப் போட்டு உடைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஊத்த மாட்டேன் சார். ஊத்துனா சீறும். நேத்து இந்த ஜன்னல நான்தான் தொறந்து போட்டுட்டுப் போனேன். போன வருஷமும் நான்தான் தொறந்து போட்டேன். மழை இல்லன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான்."

அவர் முகம் இறுகிவிட்டது. "அப்போ தப்பு உங்களோடது."

"என்னோடதுதான் சார். அந்தப் புள்ளையோடது இல்ல."

பாவி மக, வாயை மூடிக்கொண்டு மண்ணை மட்டும் மாற்றியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வேலையே போனாலும் போகும். அவள் அதையெல்லாம் யோசித்ததாகவே தெரியவில்லை. வாசலைப் பார்த்து, "ஏட்டி இசக்கி, உள்ள வா. அந்த ஜன்னலச் சாத்து" என்றாள்.

அந்தப் பெண் வந்து சாத்தினாள். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மண்ணை எடுத்து, பதம் பார்த்து, மறுபடி முதலிலிருந்து அச்சு வைத்தார்கள். பிரின்ஸ்பால் கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். மனுஷர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். முஹ்ஸினா கையுறையை இசக்கிச்செல்வியிடம் நீட்டியபோதுதான், "நீங்க ஊத்துறதாத்தானே பேச்சு?" என்றார்.

"அவ ஊத்தட்டும் சார். நான் பக்கத்துலதான் நிக்கேன்."

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையை அசைத்தார்.

இசக்கிச்செல்வி கரண்டியைத் தூக்கினாள். கை நன்றாகவே நடுங்கியது. நானே பார்த்தேன். வெள்ளியாக இறங்கிய உலோகம் நடுவில் ஒருதரம் அறுந்து, திரும்பவும் இறங்கியது. ஆனால் சத்தமே இல்லை. அச்சு நிறைந்து, மறுபக்கத் துளை வழியாக உலோகம் மெல்ல மேலே வந்து நின்றது.

ஆறவிட்டு, மண்ணை உடைத்து, தண்ணீரில் முக்கி எடுத்தார் முத்துச்செல்வம். சின்னச் சக்கரம், ஆரக்கால்களோடு முழுசாக இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரின்ஸ்பால் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஜன்னலுக்கு ஒரு பூட்டு போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கிச்செல்வி சக்கரத்தைப் பார்க்கவேயில்லை. கையுறையைக் கழற்றித் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இப்பவும் நடுங்குச்சு மேடம்."

"தெரியும்ட்டி." முஹ்ஸினா சக்கரத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விளிம்பில் ஓரிடத்தில் தலைமுடி போல ஒரு கோடு ஓடியது. இசக்கிச்செல்வியின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். "இந்தா கெடக்கு பாரு உன் நடுக்கம். இம்புட்டுத்தான். மேலாக்கத்தான் இருக்கு, அரம் போட்டா போயிரும்."

அந்தப் பெண் விரலை எடுக்காமல் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அரம் எங்கன இருக்கு மேடம்?" என்று கேட்டாள்.