டீக்கடையிலிருந்து பார்த்த கூப்பு

ஒரு குடியிருப்பைக் கிராமக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு முன், விசாரணை அலுவலர் நேரில் சென்று, வீடு வீடாகப் பார்த்து, இருப்பவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, அதில் அவர்களுடைய கையொப்பமோ ரேகையோ பெற வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த விதியை நான் வகுப்பெடுத்திருக்கிறேன். 'நேரில்' என்ற சொல்லைக் கரும்பலகையில் அடிக்கோடிட்டும் காட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, ஒரு காலையில் தர்மபுரியில் என் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். சித்தேரி மலைக்காரர். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா சார்?"

என்னுடையதுதான். வருவாய் ஆய்வாளராக இருந்தபோது போட்டது. 'இடத்தை நேரில் தணிக்கை செய்தேன். மரக்கூப்பு மூடப்பட்ட பின் அங்கு எவரும் வசிக்கவில்லை.' இரண்டே வரி. சுருக்கமாக எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

ஏலம் விட்டு மரம் வெட்டும் காட்டைக் கூப்பு என்பார்கள். வெட்டு நடந்த காலத்தில் அங்கே வரிசை வீடுகள், மரம் அறுக்கும் வாள்பட்டறை, ஒரு மளிகைக் கடை, ஓர் அறைப் பள்ளிக்கூடம் என்று சின்ன ஊரே இருந்தது. வெட்டு நின்றதும் ஒப்பந்தக்காரரும் வெளியூர்க் கூலிகளும் போய்விட்டார்கள். மலைக்காரர்களில் சில குடும்பங்கள் மட்டும் அந்த வீடுகளிலேயே தங்கி, பக்கத்தில் சாமை விதைத்துப் பிழைத்தன. என் இரண்டு வரிக்குப் பிறகு அவர்கள் கணக்கில் இல்லாதவர்கள். பள்ளிக்கூடம் மூடப்பட்டது, ரேஷன் நின்றது. ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கியது. இந்த அம்மாவின் மகன் மட்டும் இன்றும் ஏறிப்போய் அதே நிலத்தில் உழுகிறார். அந்த நிலத்துக்குத்தான் இவர் உரிமைப் பட்டா கேட்டிருந்தார். அந்தக் காலத்தில் அங்கே குடியிருந்ததற்குச் சான்று இல்லை என்று மனு தள்ளுபடியாகியிருந்தது. இல்லை என்பதற்குச் சான்று என் கையெழுத்து.

"நான் அன்னைக்கு மேலே வரவில்லைம்மா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா? அடிவாரத்து டீக்கடையில ஜீப் நின்னுச்சு. மத்தியானம் திரும்பிப் போயிருச்சு. இப்பவாவது வந்து பாக்கறீங்களா?"

முப்பத்தைந்து வயதில் ஏறாத மலையை அறுபத்தொன்பதில் ஏறினேன். அவர் முன்னால் போய் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தார். அன்று ஏன் ஏறவில்லை என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பெரிய காரணம் கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வெயில். போய் வர ஒரு நாள் ஆகும். கடைக்காரர் வடையை வைத்துவிட்டு, "அங்க யாரு சார் இருக்காங்க?" என்றார். அதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். அவருடைய கையொப்பத்தைக்கூட வாங்கவில்லை.

மேலே உண்ணிப்புதர் ஊரை மூடிவிட்டிருந்தது. வாள்பட்டறை இருந்த இடத்தில் சிமெண்டு மேடையும், அதில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு துருப்பிடித்த போல்ட்டுகளும்தான் மிச்சம். பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வேங்கைமரம் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. வெட்டித் தீர்த்த காடு முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டது போலும். வரிசை வீடுகளில் மூன்றாவதின் முன்னால் அவர் நின்றார்.

"இதுதானுங்க எங்க வூடு. ஆபீசர் வர்றாருன்னு வழியெல்லாம் கூட்டி வெச்சோம். உங்களுக்குன்னு கோழி அடிச்சோங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு நாங்களே தின்னுட்டோம். நல்ல கோழிங்க சார், வெடக்கோழி. நீங்க குடுத்து வெக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். கோழிக்கு என்னிடம் விதி இல்லை.

வீட்டுக்குள் ஓடு மிச்சமிருந்த ஒரே மூலையில், கதவு நிலைக்குப் பின்னால், சுண்ணாம்புச் சுவரில் காவி நிறத்தில் ஏதோ தெரிந்தது. மலேரியா மருந்து அடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் எழுதிவிட்டுப் போகும் குறிப்பு. வீட்டு எண், மருந்து அடித்த தேதி, சுருக்கொப்பம். அந்த அம்மாவின் பையிலிருந்த நகலை வாங்கி ஒப்பிட்டேன். எவரும் வசிக்கவில்லை என்று நான் எழுதியதற்குப் பதினொரு நாள் பின்னால், ஒருவர் முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து, இந்த மலையேறி, இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறார். அவருக்கு ஜீப் கிடையாது. என் சம்பளத்தில் கால்வாசி வாங்கியிருப்பார். அவருடைய சுருக்கொப்பத்தை அந்த அம்மாவின் போனில் படம் எடுத்தேன். வீட்டு எண்ணும் தேதியும் தெளிவாக விழும்வரை மூன்று முறை எடுத்தேன்.

கடிதத்தை என் வீட்டு மேசையில் எழுதினேன். 'அக்காலத்தில் தணிக்கை முழுமையாக நடைபெறவில்லை எனத் தெரியவருகிறது' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் பிசிறில்லாமல் போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நீங்க வரலைன்னு இதுல எங்கீங்க சார் இருக்குது?"

கிழித்துப் போட்டேன். 'நான் போகவில்லை. போனதாக எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படங்களை இணைத்து, மனுவைத் தள்ளிய அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவும் இரண்டே வரிதான். ஆனால் அன்றைய இரண்டு வரியை எழுத டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு காத்திருந்தோம். மாதம் ஒருமுறை, போனுக்கு சிக்னல் கிடைக்கும் மொரப்பூர் பக்கம் வரும்போதெல்லாம் அவர் போன் செய்வார். "ஏதாவது வந்துச்சுங்களா?" வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன், இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுகளை எந்தக் காகிதக் கட்டில், எத்தனை நாள் போட்டு வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் போட்டு வைத்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் மகனோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்த பிறகே உறையைப் பிரித்தேன். சத்தமாகப் படித்தேன். 'மேற்படி இடம் அலுவலரால் நேரில் தணிக்கை செய்யப்பட்டதில், மனுதாரர் குடும்பம் அங்கு வசித்து வந்தது உறுதி செய்யப்படுகிறது. மனு ஏற்கப்பட்டு, பட்டா வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா யோசனையாக இருந்தார்.

"எப்பங்க சார் வந்து பாத்தாங்க?"

"சென்ற மாதம் என்று போட்டிருக்கிறது."

"மழைக்கு வழி அடிச்சுட்டுப் போனதுல இருந்து எங்க ஆடுகூட மேல ஏறலீங்களே. இவன் மட்டுந்தான் சுத்திச் சுத்திப் போயிட்டு வர்றான். ஒருத்தரும் வரலைங்க சார்."

தணிக்கை செய்யாமலே செய்ததாக எழுதப்பட்ட அறிக்கை தெரியவந்தால் உடனே மேலதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் விதி உண்டு. அதையும் வகுப்பெடுத்திருக்கிறேன். கொண்டுபோனால் அவருடைய பட்டா போகும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இந்தத் தடவையும் கோழி எங்களுக்குத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

காலித் தபால் உறை என் கையில் இருந்தது. பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து அதன் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 9.