ஏலத்துக்கு வந்த ரோஸ் சிஸ்டரின் கடிகாரம்

எங்கள் ஆம்பூர் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் கூவுவது பல வருடமாக நான்தான். சபையார் காணிக்கையாகக் கொடுத்த பூசணிக்காய், சேவல், கேக், யாரோ மனசில்லாமல் கொடுத்த பழைய குடை, எதுவானாலும் தொண்டை கிழியக் கத்தி விற்றுவிடுவேன். ஜார்ஜ் வாத்தியார் வாயைத் திறந்தால் வேப்பங்காய்கூட விலைபோகும் என்று கிண்டல் செய்வார்கள். அந்த வாய் தோற்றது ஒரே ஒரு தடவைதான். 1979இல், ஆபேல் அண்ணன் விஷயத்தில்.

ஆபேல் அண்ணன் டேனரியில் செலக்‌ஷன் பார்ப்பவர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் தேடி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற வேலை. நாள் முழுக்கக் குறை தேடித் தேடி மனுஷனுக்குப் பேச்சே சுருங்கிவிட்டது. அவருக்கும் சேர்த்துப் பேசியவர் அவர் சம்சாரம் ரோஸ், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. ரோஸ் சிஸ்டர் கர்த்தருக்குள் போன பிறகு அந்த வீட்டில் ரேடியோ சத்தம்கூடக் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீடு வந்து சேர்வதற்குள் பாவமாகிவிடும்.

அந்த வருடம் பண்டிகைக்கு முன்னால் அவரே என் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ரோஸ் சிஸ்டரின் தங்கக் கைக்கடிகாரம். கல்யாணத்துக்கு ரோஸ் சிஸ்டரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.

"ஏலத்துல வச்சிடு ஜார்ஜு."

"இன்னாண்ணே சொல்றீங்க, பித்துப் புடிச்சிருக்கா?" என்று கத்திவிட்டேன். அவர் அசையவில்லை. தங்கச் சாமான் என்றால் வெளியாள் ஒருவரிடம் காட்டித்தான் ஆரம்ப விலை வைக்க வேண்டும் என்பது சபை ஏற்பாடு. அதனால் இருவரும் பஜாரில் மக்பூல் அகமது பாயின் கடிகாரக் கடைக்குப் போனோம்.

பாய் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த முத்திரையை உற்றுப் பார்த்தார். சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிக் காதோடு வைத்துக் கேட்டார்.

"பதினெட்டு கேரட், அசல். மிஷினும் சுத்தம், துரு கிடையாது. டெய்லி சாவி குடுக்கிறீங்களா?"

"டெய்லி," என்றார் ஆபேல் அண்ணன்.

"எண்ணூறு ரூபா தாராளமா போவும்."

வேறு யாராவது என்றால் வாயெல்லாம் பல்லாகியிருக்கும். இவர் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு கடைவாசல் வெளிச்சத்துக்குப் போய், தோலைப் புரட்டுவதுபோல் புரட்டினார்.

"டயல்ல ஆறு கிட்ட பழுப்பு. கண்ணாடி மாத்துனது. இங்க ஒரு நசுங்கல். இது மூணாந்தரம் பாய். எரநூறு போடுங்க."

பாய் சிரித்துவிட்டார். "ஆட்டுத்தோலா அண்ணே இது? நசுங்குனா தங்கம் கம்மியாயிடுமா? விக்கிறவங்க ஜாஸ்தி கேப்பாங்க, நீங்க எறக்குறீங்களே!"

"அது கட்டில் கம்பில இடிச்சது. பேஷண்ட் ஒருத்தர் கீழ வுழப் போனாரு. இவ தாங்கிப் புடிச்சா." அண்ணன் அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினார். பாய் லென்ஸைக் கழற்றி வைத்தார். "சரி, எரநூறுன்னே சொல்றேன்," என்றார்.

திரும்பி வரும்போது நான் விடவில்லை, நச்சரித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபடி சொன்னார்.

"வூட்ல அது ஒண்ணுதான் சத்தம் போடுது ஜார்ஜு. கேக்க முடியல. நிறுத்தவும் மனசு வரல. நம்ம சபைல ஒரு நர்ஸ் பொண்ணு வாங்குனா டூட்டிக்குக் கட்டிக்கினு போவும். ஞாயித்துக்கெழம கோயில்ல அந்தக் கைய பாத்தா போதும் எனக்கு."

"அப்போ சும்மாவே குடுத்துடுங்களேன்."

"தனியா இருக்கிற ஆம்பள, நர்ஸ் பொண்ணுக்குத் தங்கம் குடுத்தா ஊர் இன்னா பேசும்?"

அதுவும் நியாயம்தான். இருநூறு என்றால் ஒரு நர்ஸ் மனசு வைத்தால் வாங்கிவிடலாம். அவர் விலையை இறக்கியதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் சபையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. துக்கப்பட்ட வீட்டார் கொடுத்த பொருளை அவர்களே ஏலத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். போட்டி போடுவது அசிங்கம். அது எனக்கும் தெரியும். ஆனால் இருநூறு ரூபாய்க்குத் தங்கம் என்றால் எந்த வழக்கமும் நிற்காது என்று நம்பினேன்.

பண்டிகை அன்று, "எரநூறு! அசல் தங்கம்!" என்று கூவினேன். பந்தலில் ஒரு கைகூட உயரவில்லை. போன வருடம்தான் நர்ஸ் வேலையில் சேர்ந்த இன்பம் என்கிற பெண் முன்வரிசையில் இருந்தாள். அவள் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. கையைத் தூக்கப் போனாள். அவள் அம்மா பொன்மலர் அந்தக் கையை அழுத்திப் பிடித்தார்.

"சும்மா இருடி. ரோஸ் அக்காவுது அது. அண்ணன் எடுத்துக்கட்டும்."

"யார் வாங்குனாலும் ஆபேல் அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம்!" என்று அலறினேன். நான் மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். கடவுளே, ஒரு சபை முழுக்கவா இப்படி நல்லவர்களாக இருந்து தொலைவார்கள்!

ஆபேல் அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் அன்பாக, எடுத்துக்கோங்க என்றது. இன்பத்தின் கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. கடைசியில் தன் கையைத் தூக்கினார்.

"எண்ணூறு," என்றார்.

ஒரே கைதட்டல். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கடிகாரத்தை அவர் கையில் வைக்கும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஆராதனை முடிந்து வெளியே போகிறவர்களில் யாராவது ஒருவர் அவர் தோளைத் தொடுவார். "கடிகாரம் பத்திரமா இருக்குதாண்ணே? அன்னிக்கு ஒருத்தர்கூட கை வைக்கலியே, பாத்தீங்களா?"

"ஆமா, நல்ல ஜனங்க," என்பார் ஆபேல் அண்ணன். கோயில் கதவைப் பூட்ட ஆள் வரும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டார்.