டெய்லரம்மா போன இருட்டறை

என் மனைவியை எங்கள் தெருவே டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் தைத்த சட்டையைப் போட்டால் தோள் இரண்டும் அளந்து வைத்த மாதிரி நிற்கும். அப்படிப்பட்டவளுக்குக் கண் நரம்பு கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை முழுக்கப் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்கிற வித்தியாசம்கூடத் தெரியாது. பார்க்காத டாக்டர் இல்லை. பஸ் ஓட்டிவிட்டு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம், துணி போட்டு மூடிய மெஷின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் ஏதோ ரோஷம் வந்து, கைத்தடவலிலேயே என் சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்திருக்கிறாள். நூல் கோத்த ஊசி கீழே விழுந்தது. நூலோடு விளையாடிக்கொண்டிருந்த எங்கள் பூனை ஊசியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. நான் வந்தபோது பூனை வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது, இவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணு போனது போதாதுன்னு கையும் உதவாம போச்சுங்க" என்றாள்.

பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு எங்கள் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் ஒரு பெண். எங்களைவிட இளையவர், சுறுசுறுப்பானவர். அவருக்கு உதவியாக ஒருவர் இருந்தார். மாட்டைக் கட்ட எப்போதும் தோளில் கயிறோடு திரிவதால் அவர் பேரே கயிறு அண்ணன் என்று ஆகிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுவி வந்த பிலிம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. உள்ளே ஊசியும் தெரியவில்லை, பூனையும் தெரியவில்லை.

"பிலிம் கழுவற இருட்டறையில சிவப்பு விளக்கோட கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. வெள்ளை வெளிச்சம் கசிஞ்சு பிலிமைக் கெடுக்குது" என்றார் டாக்டர். விளக்கை அணைத்துவிட்டு, அவரே ஒரு தட்டைப் பெட்டியில் புதுப் பிலிம் மாட்ட உள்ளே போனார். தடால் தடால் என்று சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பிலிமின் மூலை மடங்கி, பெட்டிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியல. என் கையே எனக்குத் தெரியல!"

அழுதுகொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். "எனக்கு எப்பவுமே அப்படித்தான் டாக்டர். நான் பண்ணிப் பாக்கட்டுமா?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். பூனை உயிருக்குப் போராடுகிறது, இவள் என்ன விளையாடுகிறாள்! ஆனால் டாக்டர் ஒரு நொடிதான் யோசித்தார். கெட்டுப்போன பிலிமையும் பெட்டியையும் அவள் மடியில் வைத்தார்.

"இது கேசட். புத்தகம் மாதிரி திறக்கும். உள்ள ரெண்டு பக்கமும் வழவழன்னு ஒரு திரை இருக்கு பாருங்க. எக்ஸ்ரே பட்டா அது ஒளிரும், அந்த ஒளியிலதான் படமே விழுது. அதனால நகம் படக்கூடாது. பிலிம் நடுவுல உக்காரணும், ஓரத்தை மட்டும் பிடிங்க."

"பட்டுத் துணி மாதிரி" என்றாள் இவள்.

இருவரும் உள்ளே போனார்கள். சத்தமே இல்லை. கேசட் மூடிக்கொள்ளும் கிளிக் மட்டும் கேட்டது. பூனையை அதன்மேல் படுக்கவைத்து, ஈயக் கவசம் மாட்டிய கயிறு அண்ணன் பிடித்துக்கொள்ள, டாக்டர் பொத்தானை அமுக்கினார். திரும்பவும் இருட்டறை. இந்தத் தொட்டி, அப்புறம் தண்ணீர், அப்புறம் அந்தத் தொட்டி என்று டாக்டர் சொல்லச் சொல்ல இவள் முக்கி எடுத்தாள். ஈரப் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, பூனையின் வயிற்றில் பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு. அதே ஊசி. அன்றைக்கே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள்.

பூனையைக் கூட்டிப்போக வந்த அன்று டாக்டர் கேட்டார்: "அக்கா, நீங்க இங்க வேலைக்கு வரீங்களா?"

நான் யோசிப்பதற்குள் இவள் "வரேன்" என்றாள்.

கேசட்டுகளின் அளவெல்லாம் சீக்கிரமே அவள் கைக்குப் பழகிவிட்டது. பருமனான நாய்க்கு எக்ஸ்ரே கதிரைக் கூட்ட வேண்டும், ஒல்லிப் பூனைக்குக் குறைக்க வேண்டும் என்பதற்காக டாக்டர் உடம்பின் தடிமனை அளவுகோல் வைத்து அளப்பார். அதைக் கேட்டு இவளுக்கு ஒரே குஷி. "இங்கயும் அளவெடுக்காம வேலை இல்லைங்க!" என்று வீட்டில் வந்து சொல்வாள்.

அப்புறம்தான் அது நடந்தது. கயிறு அண்ணன் இருட்டறையைப் பெருக்கிவிட்டு, வெள்ளை விளக்கை அணைக்காமல் போய்விட்டார். இவளுக்கு அது எப்படித் தெரியும்? உள்ளே போய்க் கதவைச் சாத்தி, புதுப் பிலிம் பெட்டியை நிதானமாகத் திறந்தாள். பெட்டி மொத்தமும் பாழ்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், "நான் போகலங்க. அவங்க நல்ல மனசுக்கு நான் நஷ்டம் வெக்கக் கூடாது" என்றாள். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

சாயங்காலம் வாசலில் டாக்டர் நின்றார். பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி கயிறு அண்ணன்.

"தங்கச்சி, தப்பு என்னுது. மன்னிச்சிரும்மா" என்றார் அவர்.

"அண்ணே, பாக்கத் தெரியாதது நான்தானே?"

"யார் தப்புன்னு பேச வரல" என்றார் டாக்டர். "அந்த ரூம் கண்ணு தெரியறவங்களுக்காகக் கட்டினது. அதை மாத்திட்டோம். வந்து தொட்டுப் பாருங்க."

நாங்களும் கூடவே போனோம். கயிறு அண்ணன் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். உள்தாழ்ப்பாளை இழுத்தால் வெள்ளை விளக்கு தானாக அணையும். தாழ்ப்பாள் போட்டால்தான் பிலிம் அலமாரியே திறக்கும். என் மனைவி தாழ்ப்பாளை இழுத்தாள், விட்டாள், திரும்ப இழுத்தாள். அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் கயிறு அண்ணனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மறுநாளே வேலைக்குப் போனாள். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் எனக்கு விடுமுறை. அவளைக் கூட்டிவரப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"உடம்பெல்லாம் அசதிங்க. இன்னிக்கு வந்த நாய்ங்களுக்கு ஒரு அளவே இல்ல. ஒரு நிமிஷம் உக்கார விடல."

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கோ அந்த டாக்டரையும் கயிறு அண்ணனையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. உழைத்துக் களைத்தவள் சலித்துக்கொள்வதைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! "தூங்கிக்கோ, ஸ்டாப் வந்தா எழுப்பறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தூங்கியிருந்தாள்.