கட்டின் நடுவே ஓர் ஓட்டைக் கப்பல்

காலையில் ஆம்பூருக்குப் போகும் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில், கட்டிங் சூப்பர்வைசர் சேகர் என் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர். இரண்டு பிரிவுக்கும் ஆகாது.

"மேடம், உங்க கிரகக் கதை நல்லா போவுது. ஓட்டைக் கப்பல் அனுப்பறவன் கடைசில மாட்டிக்குவானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் ஆன்லைனில் எழுதும் தொடரில் இரண்டு கிரகங்கள் கூட்டணி. அதில் ஒன்று, தான் தரும் போர்க்கப்பல்களுக்கு நடுவே ஓட்டைக் கப்பல் ஒன்றைச் சொருகிவிடும். தோற்றால் பழி அடுத்த கிரகத்தின் மேல். கட்டிங்கில் கீறல் விழுந்த தோலைக் கட்டுக்கு நடுவே வைத்து எங்களுக்கு அனுப்புகிறார்களே, அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஆனால் அந்த அத்தியாயத்தை நான் இன்னும் வெளியிடவே இல்லை. என் போனில் அதைப் படித்தது, கூட உட்கார்ந்து சாப்பிடும் ரேஷ்மா மட்டும்தான்.

"யார் சொன்னாங்க?" என்றேன்.

"எல்லாம் படிக்கறதுதான்" என்று சிரித்தார்.

மதியம் ரேஷ்மா பாதி பிரியாணியை என் டப்பாவில் தள்ளினாள். "அடுத்து இன்னா ஆவும், சொல்லேன்?"

"திங்கக்கிழமைலர்ந்து எல்லா கப்பலையும் பிரிச்சுப் பாக்கப் போறாங்க" என்றேன். அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது.

திங்களன்று கட்டுகளின் நடுவே நல்ல தோலாகவே வந்தால், ஒற்றர் யாரென்பது உறுதி.

ஆன்லைனில் போடும் இந்தப் பதிவை ரேஷ்மாவுக்கு மட்டும் தெரியாதபடி வைத்திருக்கிறேன். அப்படியும் விஷயம் அவள் காதுக்குப் போனால், இதைப் படிக்கும் உங்களிலும் கட்டிங் கிரகத்து ஆள் ஒருவர் இருக்கிறார்.

யாருங்க அது?