முப்பத்தெட்டுக் கடிதங்கள்

என் புத்தகத்தின் மூன்றாம் பாகம் வெளியிட்ட அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. நான் வேலை செய்யும் போர்வெல் வண்டியின் டிரைவர். புத்தகத்தை டைப் அடித்து அச்சுக்கு அனுப்பிய என் நண்பன். சிறப்பு விருந்தினர், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி வாடகைக்கு விட்டவர்; கூட்டம் முடிந்ததும் எடுத்துப் போக வேண்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நண்பனிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு, பதினொரு பேர்.

இடம் திண்டிவனம். நண்பனின் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. அங்கேதான் அவன் டியூஷன் எடுக்கிறான். கரும்பலகையை மறைத்து பேனர் கட்டியிருந்தான். பேனரில் சிறப்பு விருந்தினர் படம் பெரிசு. என் படம் சின்னது. ஆதார் கார்டில் இருந்து எடுத்தது.

நான் ஆறாவது வரை படித்தவன். விழுப்புரத்தில் வீடு. இருபத்திரண்டு வருஷமாகப் போர் போடும் வேலை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவனோடு பேச முடியாது. ராடு இறங்கிக்கொண்டிருக்கும்போது இடத்தை விட்டு நகரவும் முடியாது. அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். எத்தனை அடியில் என்ன மண், என்ன கல் என்று எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.

கதை இதுதான். கெடார் பக்கம் ஒரு காய்ந்த ஏரி. இன்னும் நூறு வருஷம் கழித்து. போர் போடுகிறார்கள். தொள்ளாயிரம் அடியில் ராடு கல்லில் படாமல் காற்றில் தொங்குகிறது. கீழே ஒரு ஊர் இருக்கிறது. நாலு பிள்ளைகள் இறங்குகிறார்கள். அந்த ஊரில் இருக்கும் ஒரு மிஷின்தான் மேலே தண்ணீர் அனுப்ப வேண்டும். அது ஓட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும். நாலு பேரில் ஒருத்தி, பதினாலு வயசு, நான் இருக்கிறேன் என்கிறாள். மற்ற மூன்று பேர் மேலே வருகிறார்கள். ஏரியில் தண்ணீர் வருகிறது. அவள் வருவதில்லை.

மூன்று பாகம் என்பதும், இப்படித்தான் முடியும் என்பதும் எனக்கு முதல் நாளே தெரியும். நண்பனிடமும் சொல்லியிருந்தேன்.

நண்பனும் நானும் ஆறாவது வரை ஒரே பெஞ்சு. அவன் மேலே படித்தான். நோட்டை அவனிடம்தான் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து போன் செய்தான்.

"டேய், நீயாடா எழுதுன? எங்கிருந்தாவது காப்பி அடிச்சியா?"

"நான்தான்."

"அப்ப போட்டுடலாம். பெரிய கம்பெனிக்காரன்லாம் நம்மள மாதிரி ஆளுக்கு பதில் கூட போடமாட்டான். நாமளே போட்டுக்கலாம்."

டைப்புக்குக் காசு வாங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அச்சு விழுப்புரத்தில். ஒவ்வொரு பாகமும் முந்நூறு பிரதி.

பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பொறுப்பு. போர் போடும் வீடுகளில் கொடுப்பது என் பொறுப்பு. வண்டி நிறுத்தியதும் முதல் ராடு இறக்குவதற்கு முன்னால் பூஜை போடுவோம். வெற்றிலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். அந்தத் தட்டில் ஒரு புத்தகத்தையும் வைப்பேன். பூஜை முடிந்ததும் அந்த வீட்டுப் பிள்ளை கையில் கொடுப்பேன். கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, வேர்க்கடலை, போட்டிருந்த ஒரு கொல்லைக்காரர் எடுத்துப் பார்த்தார்.

"இன்னாங்க இது, ரேட்டு புக்கா?"

"இல்லீங்க. கதை. பசங்க படிக்கிறது."

"தண்ணி வருமா வராதான்னு சொல்லுங்க மொதல்ல. கதைய அப்புறம் பாக்கலாம்."

அறுநூறு அடி போட்டும் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான் வந்தது. சாயங்காலம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ராசி இல்லாத பொஸ்தகம் என்றார். அதற்குப் பிறகு டிரைவர் என்னைக் கூப்பிடுவதே "ரைட்டரே, இன்னிக்கி தண்ணி உங்க கையில" என்றுதான்.

முதல் பாகம் வந்து மூன்று மாதம் ஒன்றும் இல்லை. வாரம் ஒரு தரம் நண்பனுக்குப் போன் செய்து கேட்பேன். புத்தகத்தின் பின்னால் அவன் கடை விலாசம்தான் போட்டிருந்தது. பிறகு ஒரு நாள் பன்னிரண்டு கடிதம் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் பிள்ளைகள் எழுதியது. கவர் எங்கே என்று கேட்டேன். கிழித்துப் போட்டுவிட்டேன் என்றான்.

இரண்டாம் பாகத்துக்கு இருபத்தாறு வந்தது. மொத்தம் முப்பத்தெட்டு.

எல்லாம் கோடு போட்ட தாளில். மேலே அனுப்புநர், பெறுநர். ஓரத்தில் இடம், நாள். கடைசியில் "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, அ அ அ". அதற்கும் கீழே, ஒன்றிரண்டைத் தவிர, ஸ்கேல் வைத்து ஒரு கட்டம். கட்டத்துக்கு மேல் "உறைமேல் முகவரி" என்று எழுதி, உள்ளே கடை விலாசம். கடிதத்துக்குள்ளேயே கவரையும் வரைந்திருந்தார்கள். நான் ஆறாவதோடு நின்றவன். படித்த பிள்ளைகள் கடிதம் எழுதுவது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி ஒரு தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் நாலாவது.

"இன்னாங்க, எல்லா புள்ளைக்கும் ஒரே பேரா? அ அ அன்னு?"

"பேரு போட வெக்கமா இருக்கும்."

"முப்பத்தெட்டுக்குமா வெக்கம்?"

தாளை வாங்கி மற்றதோடு சேர்த்து அடுக்கினேன். நல்ல பிளாஸ்டிக் கவர் வாங்கி அதில் போட்டு, வண்டி கேபினில் சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். போகிற ஊருக்கெல்லாம் அது கூட வந்தது. கல்லில் ராடு மாட்டிக்கொண்டு வேலை நிற்கும் நாளில் எடுத்துப் படிப்பேன்.

இரண்டாம் பாகம் அந்தப் பெண் மிஷின் பக்கத்தில் முதல் தடவையாக உட்காருவதோடு நிற்கும். அதற்கு வந்த இருபத்தாறில் இருபது கடிதம் ஒரே விஷயத்தைக் கேட்டது. ஐயா, அவளைக் கீழே விட்டுவிடாதீர்கள். ஐயா, அவளை மேலே கொண்டு வாருங்கள்.

மூன்றாம் பாகத்தை அதற்குள் எழுதி முடித்திருந்தேன். அவள் கீழேதான் இருந்தாள். கடிதங்களைப் படித்த பிறகு ஒரு மாதம் நோட்டைத் தொடவில்லை. பிறகு கடைசி அத்தியாயத்தை அடித்துவிட்டு வேறு எழுதினேன். அதில் தானாகவே ஓடும் ஒரு மிஷினைக் கொண்டுவந்தேன். அதை முடுக்கிவிட்டு அவளும் கயிற்றைப் பிடித்து மேலே வந்துவிடுகிறாள். ஏரிக்கரையில் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

என் வேலையில் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓடும் மிஷினை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் தள்ளி நின்றால் ராடு மாட்டிக்கொள்ளும். எழுதும்போது கை கூசியது. இருபது பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எழுதினேன். நண்பன் படித்துவிட்டு, இதுதான்டா முடிவு, பதினாறு பக்கத்துக்குள்ள சரியா அடங்குது என்றான்.

விழாவில் சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். பட்டா மாறுதல் பற்றிப் பேசினார். முதல் பிரதியை அவர் கொடுக்க என் மனைவி வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் ஆளுக்கொன்று, பதினேழு பிரதி, கொடுத்தோம். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன்.

"எனுக்குக் கடுதாசி போட்டது யாருப்பா?"

பதினொரு கையும் தூக்கினார்கள். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்.

"நீயுமாம்மா எழுதுன?"

"எழுதனேன் ஐயா. எட்டு மார்க்கு."

"மார்க்கா?"

"பத்துக்கு எட்டு ஐயா. உறைமேல் முகவரிக்குக் கட்டம் போட மறந்துட்டேன். சாரு ரெண்டு மார்க்கு கொறச்சிட்டாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நண்பன் எழுந்தான். "டீ வந்துடுச்சி, எல்லாரும் டீ சாப்புடலாம்" என்றான். டீ இன்னும் வரவில்லை.

"அந்தப் பொண்ண மேல கூட்டியாரச் சொன்னியேம்மா. அவ எந்த ஊரு ஏரியில எறங்குனா?"

அந்தப் பெண் நண்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பொண்ணு ஐயா?"

பக்கத்தில் இருந்த பையன் அவளுக்கு உதவிக்கு வந்தான். "சாரு போர்டுல பாயிண்ட்டு எழுதிப் போடுவாரு ஐயா. நாங்களும் ஒம்பதாவது பசங்களும் அத விரிச்சி எழுதுவோம். பேரு போடக் கூடாது. பரிச்சையில மாதிரியே அ அ அன்னுதான் போடணும்."

"பொஸ்தகம் படிச்சீங்களா?"

"இன்னிக்குதான ஐயா குடுத்தாங்க."

நாற்காலிக்காரர் எழுந்து நின்று, முடிஞ்சிடுச்சா என்று கேட்டார். முடிஞ்சிடுச்சி என்றேன்.

கீழே ஜெராக்ஸ் கடையில் நண்பனும் நானும் நின்றோம். மிஷின் சூடு அடித்தது.

"முப்பத்தெட்டுல எத்தினி நெசம்?"

"புள்ளைங்க கையெழுத்துதாண்டா எல்லாம்."

"எத்தினி நெசம்னு கேட்டேன்."

அவன் தாள் கட்டு ஒன்றை நேராக அடுக்கினான். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"மூணு மாசம் ஒண்ணும் வரலடா. நீ வாரா வாரம் போன் பண்ணிக்கினே இருக்கற. எனுக்குப் பேஜாரா போச்சி. லெட்டர் பாடம் எப்படியும் நடத்தணும். ஒன் பொஸ்தகத்த வெச்சி நடத்தனேன். அதுங்களுக்கும் பிராக்டீஸு, ஒனுக்கும் சந்தோசம். யாருக்குடா நட்டம்?"

"ஸ்கூலுக்குக் குடுத்தது?"

அவன் மேலே பார்த்தான். பரணில் பிரிக்காத கட்டுகள் இருந்தன. முதல் பாகத்தின் நீல அட்டை ஓரத்தில் தெரிந்தது.

"ஒரு ஹெச்.எம்.மப் பாத்தேன். மொத பாகத்தப் பொரட்டிட்டு, முடிவு நல்லபடியா இருக்குமான்னாரு. பொட்டப் புள்ள கீழயே கெடக்குதுன்னு முடிச்சா எவன்டா வாங்குவான்? அதுக்குத்தான் பாயிண்ட்டுல அதையும் சேத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேப்பியா நீ? கல்லுல ராடு மாட்டுனாலும் எறக்கிக்கினே இருக்கற ஆளு."

அது உண்மை. அவன் சொல்லியிருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன். இருபது பிள்ளைகள் சொன்னால் மாற்றுவேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருஷம் கூட இருந்தவனுக்குத்தான் அது தெரியும். எனக்கு மனசு விட்டது அங்கேதான். புத்தகம் விற்கவில்லை என்பது இல்லை. யாரும் படிக்கவில்லை என்பது கூட இல்லை.

"வாங்கனாரா அந்த ஹெச்.எம்.?"

"பாக்கறேன்னாரு."

டிரைவர் லோடு வண்டியைக் கொண்டுவந்திருந்தான். மூன்று பாகத்தின் கட்டுகளையும் இறக்கி ஏற்றினோம். நண்பனும் இரண்டு கட்டு தூக்கிவந்து வைத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி கிளம்பும்போது, "போன் பண்றேன்டா" என்றான். நான் தலையாட்டவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினோம். பிறகு மனைவி கேட்டாள்.

"அந்தப் பொண்ணு மொதல்ல கீழயேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"நீங்க மேல வந்ததா படிச்சிக் காட்டனீங்க."

"மாத்திட்டேன். நல்லா இருந்துச்சா ஒனுக்கு?"

"நல்லாதான் இருந்துச்சி." கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "ஆனா மிஷினு தானா ஓடுதுன்னீங்களே. நீங்க சாப்பாட்டுக்குக் கூட எறங்கி வரமாட்டீங்க. அத எப்படி நம்பறது?"

டிரைவர் சிரிக்கப் பார்த்தான். சிரிக்கவில்லை.

நண்பன் நாலு தடவை போன் செய்தான். ஐந்தாவது தடவை எடுத்தேன். "தப்புதான்டா" என்றான். "சரி" என்றேன். வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு திண்டிவனம் பக்கம் போர் இருந்தால் வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

அச்சுக்காரர்கள் புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, முதுகில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். கடைசி அத்தியாயம் கடைசி மடிப்பு. அவன் சொன்ன மாதிரி சரியாக அடங்கியிருந்தது. புத்தகத்தை நன்றாக விரித்து, முதுகை முழங்காலில் அழுத்தி, அந்த மடிப்பை மட்டும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் வந்துவிடும். வேகமாக இழுத்தால் பின்னட்டையும் கூட வரும். முதல் மூன்று அப்படி வீணாகிவிட்டது. பிறகு கை பழகியது.

அதற்கு முந்தின பக்கத்தில் மூன்று பேர் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்க்கிறாள். அதோடு புத்தகம் முடிகிறது.

மழைக்கு வேலை நின்றிருந்த வாரம். காலையில் டீ குடித்துவிட்டு உட்காருவேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன். மனைவி இழுத்த பக்கங்களை அள்ளிக் கோணியில் போட்டாள்.

வேலை தொடங்கியதும் முதல் போர் முண்டியம்பாக்கம் பக்கம். தட்டில் மூன்றாம் பாகத்தை வைத்தேன். வீட்டுக்காரர் கையில் எடுத்துப் புரட்டினார்.

"கடைசியில பக்கம் பிஞ்சிருக்குதேங்க. வேற இல்லியா?"

"பிஞ்சில்லீங்க. கதை அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் வாங்கிப் பெண்ணிடம் கொடுத்தார்.

வீட்டில் மிச்சம் இருந்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். வீணான மூன்றையும் சேர்த்து, கடைசி மடிப்பை எடுத்த புத்தகம் இருநூற்று எண்பத்து மூன்று.