துருவை விதைத்த மலைச்சரிவு

தை மாதத்துப் புதன்கிழமை. காலை ஆறு பத்துக்குப் போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜீப்புக்காக நின்றோம், நானும் என் அக்கா மகள் கவிதாவும். அவள் கோதுமை ஆராய்ச்சி செய்பவள். நான் தபால் ஆபீஸில் ஓய்வு பெற்று மதுரையில் சும்மா இருப்பவள். மலை பார்க்கலாமே என்று ஒட்டிக்கொண்டேன். ஏலக்காய் விளைகிற ஊரில் கோதுமைக்கு என்னடி வேலை என்று கேட்டேன்.

"கோதுமைக்கு இல்ல சித்தி. கோதுமையோட சீக்குக்குத்தான் இங்க சோலி."

ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பதினொரு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். "வெரசா ஏறுங்கக்கா, ரெண்டு பேருக்கு எடம் கெடக்கு," என்றார் டிரைவர். எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, யார் மடியிலோ முழங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம். மொத்தம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் பனி விலகியது. அடேயப்பா! போடி, ராசிங்காபுரம், தேவாரம் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பார்வையில் விரிந்து கிடந்தது. வாயைப் பிளந்தேன். வாந்தி வருகிறதாக்கும் என்று பக்கத்துப் பெண் அவசரமாகப் பையை நீட்டினாள்.

மேலே போகப் போக கவிதா விளக்கிக்கொண்டே வந்தாள். கோதுமை இலையில் செம்பழுப்புத் தூளாகப் படிகிற பூஞ்சைக்குத் துரு நோய் என்று பெயர். கீழே வெயிலில் அது செத்துவிடும். இந்த மலைக் குளிரிலோ வருடம் முழுக்க வாழும். எதிர்ப்பு மரபணு ஒன்றே ஒன்று உள்ள ரகத்தை விதைத்தால், சில வருடங்களில் துரு தன் உருவை மாற்றிக்கொண்டு அதை வென்றுவிடும். அதனால் இவள் எட்டு வருடமாக ரகத்தோடு ரகம் கலந்து, மூன்று மரபணுக்களை ஒரே செடிக்குள் கொண்டுவந்திருக்கிறாள். இன்று அந்த வரிசை துருப்பிடிக்காமல் நின்றால் அடுத்த கட்டச் சோதனைக்குப் போகும். பிடித்திருந்தால் எட்டு வருடமும் வீண்.

எட்டேகாலுக்குப் போடிமெட்டில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தோம். சரிவில் நாற்பது வரிசைக் கோதுமை, அதில் ஒன்றில்தான் இவளுடைய புது ரகம். சுற்றிலும் சீக்குக்கு உடனே விழுகிற ரகத்தை வேண்டுமென்றே விதைத்து, துருவைத் தூவி, காற்றில் பரவ விட்டிருந்தார்களாம். ஆனால் வயலைப் பார்த்ததும் கவிதா அப்படியே நின்றுவிட்டாள். இலையெல்லாம் நீலம் பூத்திருந்தது.

வயலைப் பார்த்துக்கொள்ளும் செல்வராசு, ஏலத்தோட்டத்துக் கங்காணி, சிரித்த முகமாக ஓடி வந்தார்.

"பயப்படாத தாயி! பூராச் சீக்கு. பாக்கப் பொறுக்கல. ஏலத்துக்குக் கலக்குன நீல மருந்து மிச்சம் இருந்துச்சு, மயில்துத்தமும் சுண்ணாம்பும். பத்து நாளைக்கு முன்னாடி அடிச்சு விட்டுட்டேன்."

"அண்ணே... சீக்கு வரணும்னுதானே வெதைச்சேன்?"

"அதெப்படி தாயி, பச்சப் பயிரு கண்ணு முன்னால சாகுறத வேடிக்க பாக்குறது?"

அந்த மனிதரைத் திட்ட எனக்கு நாக்கு துருதுருத்தது. ஆனால் ஏலச்செடி அழுகும்போது ஒருநாள் தாமதித்தாலும் தோட்டம் போய்விடும் இந்த மலையில் அவர் வேறென்ன செய்வார்?

அப்போதுதான் கவனித்தேன். நீலத்துக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் சுத்தப் பச்சையாக நின்றது. "இதுக்கு ஏன் அடிக்கல?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஒண்ணுமே இல்லியேக்கா. ரெண்டு பக்கமும் செங்கப்பொடி கொட்டுன மாதிரி துரு. இது அசரல. நல்லா இருக்கறவனுக்கு மருந்து எதுக்கு?"

கவிதா ஓடிப்போய் முளைக்குச்சியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இருபத்தேழு. அவளுடைய வரிசை! மண்ணிலேயே உட்கார்ந்து இலைகளைத் தடவித் தடவி அழுதாள். நானும் ஓர் இலையைத் தொட்டேன். பக்கத்து வரிசையில் காய்ந்துபோன துரு என் விரலில் ஒட்டியது, இதில் ஒன்றுமில்லை. கண்ணுக்கே தெரியாத மூன்று சமாச்சாரம் உள்ளே இருந்துகொண்டு ஒரு மலைக்காற்றையே மறித்திருக்கிறது.

மூன்று மணிக்கு இறக்கத்தில் ஜீப் குலுங்கக் குலுங்க அவள் நோட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன்: "மருந்து பட்டது. இந்த வருடச் சோதனை செல்லாது."

"ஏண்டி, பைத்தியமா? உன் வரிசைக்குத்தான் அவர் அடிக்கவே இல்லியே!"

"பக்கத்துக்கு அடிச்சது காத்துல இதுலயும் பட்டிருக்கும் சித்தி. மறுபடியும் வெதைக்கணும்."

"இன்னும் ஒரு வருசமா? எழுதாம விட்டா யாருக்குடி தெரியப்போகுது?"

அவள் நோட்டை மூடினாள்.

"துருவுக்குத் தெரியும், சித்தி."